கப்பித்தானின் பேரன்

நாற்காலியில் அவர் முழுதாக உட்கார்ந்து நான் கண்டதில்லை. யாராவது கையைப் பிடித்து இருத்தினால் நுனியில் ஓரமாக இருப்பார். எதிரில் இருப்பவர் தன் கரைச்சலைச் சொல்லத் தொடங்கி இரண்டு வசனம் முடிவதற்குள் எழுந்துவிடுவார். "வாங்க, போய்ப் பாத்துட்டு வருவோம்" என்பார். வெளியே பனி கொட்டினாலும் சரி, கடையில் சனம் நிறைந்திருந்தாலும் சரி, ஜாக்கெட்டைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் போய் நிற்பார். சொல்ல வந்தவர் மீதிக் கதையை நடந்து நடந்துதான் சொல்லி முடிக்க வேண்டும்.

டோஸ்ட்ருப் ஸ்டேஷனுக்குக் கிட்ட இருந்த சீனச் சாப்பாட்டுக் கடை அவருடையது. அந்தப் பக்கத்துத் தமிழர் நாங்கள் அவரைச் சீன ஐயா என்போம். பெயர் தெரியாமல் இல்லை. அதைச் சரியாகச் சொல்ல எங்களில் ஒருவருக்கும் நாக்கு வளையவில்லை. பிழையாகக் கூப்பிட்டுப் பெயரைக் கெடுப்பதைவிட ஐயா என்று நிறுத்திக்கொள்வது மரியாதை என்று விட்டுவிட்டோம்.

நான் டென்மார்க்குக்கு வந்த புதிதில் அண்ணைதான் என்னை அந்தக் கடைச் சமையலறையில் கொண்டுபோய் விட்டார். அண்ணையும் அங்கே கோப்பை கழுவித்தான் இந்த நாட்டில் கால் ஊன்றியவர். முதல் நாள், தலையைக் குனிந்து இஞ்சி சீவிக்கொண்டிருக்கிறேன். முதுகுக்குப் பின்னால் ஒரு குரல்.

"ஏம்மா, இஞ்சிய இப்படியா சீவுவ? பாதி குப்பைக்குப் போவுதே!"

திரும்பிப் பார்த்தால் தமிழர் ஒருவரும் இல்லை. தோளில் துவாயோடு இந்தச் சீனர்தான் நிற்கிறார். குளிர் காதுக்குள் போய்விட்டதாக்கும் என்று நினைத்தேன்.

"யாரத் தேடுற? நான்தான் பேசறேன்லா" என்றார்.

கையிலிருந்த இஞ்சி நிலத்தில் விழுந்தது. வீட்டுக்குப் போய் அண்ணையை நல்லாக ஏசினேன். "முதலே சொல்லியிருக்கலாமெல்லோ?" என்றேன். "சொன்னால் நீ நம்பியிருப்பியோ?" என்று அண்ணை விழுந்து விழுந்து சிரித்தார். அதுவும் நியாயம்தான்.

மலாயாவில் ஒரு ரப்பர் தோட்டத்தின் வாசலில் ஐயாவின் தகப்பனார் மளிகைக் கடை வைத்திருந்தாராம். கடைக்கு வருகிறவர்கள், கூட விளையாடுகிறவர்கள், அடிபிடிப்படுகிறவர்கள் எல்லாரும் தோட்டத்துத் தமிழர். ஆகவே ஏசுவதற்கு அவருக்குத் தமிழ்தான் வசதி. சீனத்தில் ஏசினால் மனைவிக்கு விளங்கிவிடும், டேனிஷில் ஏசினால் சாப்பிட வந்தவர்களுக்கு விளங்கிவிடும் என்பார். வாலிபத்தில் டேனிஷ் கப்பலொன்றில் சமையல்காரராக ஏறியவர், கோபன்ஹேகனில் இறங்கியதோடு சரி, பிறகு கப்பல் பக்கம் தலை வைத்தும் படுக்கவில்லை. ஏன் என்று கேட்டேன். "கப்பல்ல ஒருத்தனுக்கு ஒண்ணுன்னா எங்கம்மா எழுந்து போறது? சுத்தித் தண்ணிதானே" என்றார். இந்த மனுசனுக்குக் காலில் வண்டிச் சில்லுப் பூட்டியிருக்கிறது என்று அன்றைக்கே தெரிந்துகொண்டேன்.

அந்தச் சில்லின் அருமை எனக்குப் புரொண்பியில்தான் தெரிந்தது. கலியாணம் முடித்து அங்கே ஒரு ஃபிளாட்டில் குடியேறினோம். மகள் கைக்குழந்தை. படுக்கையறைச் சுவரில் கறுப்பாகப் பூஞ்சணம் பிடித்து, பிள்ளை விடாமல் இருமியது. வீடு கொடுத்த அலுவலகத்துக்காரர் தொலைபேசியில் ஒரே பல்லவி: நீங்கள் கறி காய்ச்சுகிற ஆவிதான் காரணம், ஜன்னலைத் திறந்து வையுங்கள். என் வீட்டுக்காரர் டேனிஷ் வகுப்பில் முதலாவதாக வந்தவர். அந்தப் பெருமைக்காகவே குளிர்காலம் முழுக்கத் தொலைபேசியில் இலக்கணப் பிழையில்லாமல் வாதாடினார். பூஞ்சணத்துக்கு இலக்கணம் தெரியவில்லை.

நான் ஐயாவிடம் அழுதேன். "வா, போய்ப் பாப்போம்" என்றார். வந்தார். சுவரில் உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார். படியேறிப் போய் மேல்வீட்டுக் கதவைத் தட்டினார். அங்கே இருந்த டேனிஷ் அம்மா பாவம், தனியாள். அவரோடு இரண்டு வார்த்தை சிரித்துக் கதைத்துவிட்டுக் குளியலறைக்குள் எட்டிப் பார்த்தால், குழாய் கசிந்து நிலமெல்லாம் ஊறிக் கிடக்கிறது. அடுத்த நாள் அந்த அலுவலகத்துக்கே போய், அங்கிருந்த மனுசனை ஜாக்கெட் போட வைத்து, கையோடு கூட்டி வந்து சுவரைத் தொடச் சொன்னார். மனுசன் தொட்டார். அவ்வளவுதான். சண்டையுமில்லை, சத்தமுமில்லை. வசந்தம் வருவதற்குள் எங்களுக்கு வேறு வீடு கிடைத்தது. பிள்ளையின் இருமல் நின்ற முதல் இரவு நான் சீன ஐயாவுக்காகப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் நேர்ந்தேன்.

தாத்தாவைப் பற்றி அவர் ஒருநாளும் முழுக்கதையாகச் சொன்னதில்லை. பயற்றங்காய் நுள்ளும்போது கொஞ்சம், இறால் உரிக்கும்போது கொஞ்சம் என்று சொன்னவைதான். வெள்ளைக்காரன் காலத்தில், ஈயச் சுரங்கங்கள் இருந்த ஒரு ஊரில் அந்தத் தாத்தா சீனர்களுக்குத் தலைவர். கப்பித்தான் என்று அரசாங்கமே பட்டம் கொடுத்து வைத்திருந்ததாம். சீனாவிலிருந்து வந்து இறங்கும் கூலிகளைத் துறைமுகத்தில் எதிர்கொண்டு, எந்த ஊர், என்ன பேச்சு என்று கேட்டுப் பிரித்து, படுக்க இடம் கொடுப்பது அவர் வேலை. சண்டை தீர்ப்பதும் கோயில் கட்டுவதும் செத்தவனுக்கு அடக்க நிலம் பார்ப்பதும் அவர்தான்.

"பெரிய மனுசன்தான் ஐயா" என்றேன்.

"நல்லவர்னு நான் சொல்லலம்மா. அந்த ஊர் அபினிக் குத்தகையும் அவருதுதான். பகல்ல கூலிக்காரனுக்குச் சம்பளம் வாங்கிக் குடுப்பார். சாயந்தரம் அபினிக் கடையில அதத் திரும்ப வாங்கிக்குவார்."

அவர் பயற்றங்காயை நுள்ளிக்கொண்டே இருந்தார்.

வெள்ளைக்காரத் துரை அந்தத் தாத்தாவுக்குக் கைவைத்த கருங்காலி நாற்காலி ஒன்று பரிசு கொடுத்தானாம். அது வந்த பிறகு தாத்தா அதை விட்டு எழுவது குறைந்துவிட்டது. ஒரு மழைக்காலத்தில் சுரங்கக் கூலிகள் கூட்டமாக வந்து, மண்கரை வெடித்திருக்கிறது, இறங்கப் பயமாக இருக்கிறது என்றார்கள். துரைக்கு வேலை நிற்கக்கூடாது. தாத்தா நாற்காலியில் இருந்தபடியே, "போங்க, ஒண்ணும் ஆகாது" என்றார். தலைவர் சொல்லிவிட்டார் என்று அவர்கள் இறங்கினார்கள். மாலையில் கரை சரிந்தது. எடுக்க முடிந்த உடல்களை மட்டும் எடுத்தார்கள்.

"அரை மைல் தூரம்தான்மா. எழுந்து போய்ப் பாத்திருந்தா வெடிப்பு தெரிஞ்சிருக்கும்" என்றார் ஐயா. எழுந்து போய் அடுப்புச் சட்டியில் எண்ணெய் ஊற்றினார். அதுவரை அவருடைய ஓட்டத்தை நான் ஒரு பகிடியாகத்தான் நினைத்திருந்தேன்.

திங்கட்கிழமை கடை பூட்டு. அன்றைக்குச் சுற்றுவட்டாரத்துச் சீனர்கள் அவரிடம் வருவார்கள். கொம்மூன் என்கிற நகரசபை அலுவலகத்துப் பிரச்சினை, வீசாப் பிரச்சினை, மாமியார் பிரச்சினை எல்லாம் வரும். அவர்களுடைய சங்கத்துக்குத் தலைவராக இருக்கச் சொல்லி எத்தனையோ முறை கேட்டார்கள். "தலைவர்னா நாற்காலி போடுவீங்க. வேணாம்லா" என்று சொல்லிவிட்டார். ஆனால் அவர் இல்லாமல் அங்கே ஒரு காரியமும் நடந்ததில்லை.

மனத்தாங்கல் பட்ட இரண்டு பேரைச் சேர்த்துவைக்க அவரிடம் ஒரு வழி இருந்தது. ஆவியில் அவித்த முழு மீன் ஒன்றை நடுவில் வைத்து, இருவரையும் எதிரெதிரே இருத்துவார். சீனரில் கடல் பக்கத்து ஆட்கள் தட்டில் மீனைப் பிரட்ட மாட்டார்களாம். பிரட்டினால் எங்கோ ஒரு வள்ளம் கவிழும் என்று பயம். மேல் சதையைச் சாப்பிட்டு முடித்தால் அடிச் சதைக்கு என்ன செய்வது? ஒருவர் முள்ளைத் தூக்கிப் பிடிக்க வேண்டும், மற்றவர் கீழே இருந்து எடுக்க வேண்டும். பிறகு இவர் பிடிக்க, அவர் எடுக்க வேண்டும். மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு அந்த வேலையைச் செய்ய ஏலாது. கத்தி எடுத்துச் சண்டை பிடித்த இரண்டு சமையல்காரர்கள் அந்த மீனின் வாலுக்கு வருவதற்குள் சிரித்துக் கதைத்ததை நானே தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு பார்த்திருக்கிறேன்.

சரி, எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன். எங்கள் தமிழ்ச் சங்கத்தைத் தொடக்கியவர் என் அண்ணை. பிறகு வந்த செயலாளர் என் வீட்டுக்காரர். மச்சானும் மச்சானும்தானே, என்ன கரைச்சல் வரப்போகிறது என்று நான் நிம்மதியாக இருந்தேன். வந்தது பொங்கல் விழாவில். குத்துவிளக்கு ஏற்ற மேடைக்கு ஆட்களைக் கூப்பிடுகிறார்கள். முதலில் தலைவர், பிறகு கொம்மூனிலிருந்து வந்த டேனிஷ் அம்மா, மூன்றாவதாகத்தான் அண்ணையின் பெயர். ஒழுங்கு எழுதியது என் வீட்டுக்காரர். அண்ணை மேடையில் ஏறவில்லை. அண்ணியையும் பிள்ளைகளையும் எழுப்பி, கோட்டைப் போட்டுக்கொண்டு, பொங்கல் வாயில் வைக்காமல் ஹ்விடோவ்ரேயில் இருந்த தன் வீட்டுக்குக் கார் ஏறிவிட்டார்.

"உன்ரை மனுசன் சபையிலை என்னைச் சின்ன ஆளாக்கிப் போட்டார்" என்று போனில் சொன்னார். இவரோ, "வெளியாரை முன்னுக்கு விடுறதுதானே முறை? அதுக்கும் கோவமெண்டால் நான் என்ன செய்யிறது?" என்றார். இரண்டு பேரும் படித்தவர்கள். இரண்டு பேரையும் நிற்க வைத்து அறைந்தால் என்ன என்று எனக்கு இருந்தது. அதற்குப் பிறகு வருசக் கணக்காகப் பேச்சு இல்லை. அண்ணை என் போனையும் எடுக்காமல் விட்டார்.

அம்மா, அப்பா போய்விட்டார்கள். இந்த நாட்டில் எனக்குப் பிறந்த வீடு என்றால் அது அண்ணைதான். தீபாவளிக்கும் வருசப் பிறப்புக்கும் கதவைப் பார்த்துப் பார்த்து நான் அழுதது எனக்குத்தான் தெரியும். இந்த நிலையில் மகளுக்குக் கலியாணம் நிச்சயமாயிற்று. தாய்மாமன் இல்லாமல் மண்டபத்தில் என்ன கலியாணம்? மகள் என்னிடம் டேனிஷில் தெளிவாகச் சொல்லிவிட்டாள்: மாமா வராவிட்டால் நகரசபையில் கையெழுத்தோடு சரி, மணவறை எல்லாம் வேண்டாம். சைக்கிள் ஓடப் பழக்கிய மாமன் அவளுக்கு.

ஐயாவிடம் போய் விளக்குக் கதை முழுக்கச் சொன்னேன். அவர் முதலில் மாட்டேன் என்றார். "உங்க ஆளுங்க விசயம்மா. எனக்கு என்னா தெரியும்?"

"ஐயா, நீங்கள் சொன்னால் ரெண்டு பேரும் கேப்பினம். ரெண்டு பேரும் உங்கடை உப்பைத் திண்டவை."

கொஞ்சம் யோசித்தார். பிறகு ஜாக்கெட்டை எடுத்தார். "அந்த விளக்கக் காட்டு. போய்ப் பாப்போம்."

விளக்கைப் பார்த்து என்ன செய்யப்போகிறார்? ஆனாலும் கூட்டிப் போனேன். சங்க மண்டபத்தின் சாமான் அறையில், பிளாஸ்டிக் உறையைக் கழற்றி, குத்துவிளக்கைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். விரலால் முகங்களைத் தொட்டுப் பார்த்தார்.

"அஞ்சு திரி போடலாமே. அஞ்சு பேரும் ஒண்ணா ஏத்தினா என்னா?"

"அப்பிடி ஏத்தினால் ஆர் பெரியாள் எண்டு எப்பிடி ஐயா தெரியும்?" என்று நான் கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் என் வாயை நானே பொத்தினேன்.

"சரிதான். எங்க தாத்தா ஊருலயும் இதே கததான்" என்று சொல்லி உறையைத் திரும்ப மூடினார்.

இருவருக்கும் தானே போன் பண்ணினார். கடை திறக்க முன்னம், பின்னேரம் மூன்று மணிக்கு வரச் சொன்னார். யார் யார் வருவார்கள் என்றும் ஒளிக்காமல் சொன்னார். ஐயா கூப்பிட்டு இருவராலும் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. வந்தார்கள். எதிரெதிரே இருந்தார்கள். என் வீட்டுக்காரர் மீன் தொட்டியைப் பார்த்தார். அண்ணை சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்தார். நான் தேத்தண்ணி ஊற்றினேன். எல்லாத் தெய்வத்தையும் கூப்பிட்டுக்கொண்டு நின்றேன்.

ஐயா உள்ளேயிருந்து இரண்டு கையாலும் தட்டை ஏந்திக்கொண்டு வந்தார். பெரிய மீன். மேலே இஞ்சி, வெங்காயத் தாள், அப்போதுதான் ஊற்றிய எண்ணெயின் சீறல். நடுவில் வைத்துவிட்டு, பிரட்டக் கூடாது என்ற கதையைத் தொடங்கினார். அண்ணை மீனைப் பார்த்தார். இவரும் மீனைப் பார்த்தார். பிறகு இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"இண்டைக்கு வெள்ளிக்கிழமையெல்லோ!"

இரண்டு வாயிலிருந்தும் ஒரே நேரத்தில் வந்தது.

ஐயோ, எனக்கு உச்சந்தலையில் அடித்ததுபோல் ஆயிற்று. தமிழ் பேசுகிற மனுசனாயிற்றே, வெள்ளிக்கிழமை என்றால் மரக்கறிதானே வைப்பார் என்று அவர்கள் இரண்டு பேரும் வாய் திறக்கவில்லை; மீன் வழக்கம் தெரிந்த நானும் இருந்த பதற்றத்தில் கிழமையை யோசிக்கவில்லை.

"நீர் இந்த மனுசனுக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே?" என்று அண்ணை இவரைப் பார்த்துப் பாய்ந்தார்.

"நீங்கள் சொல்லியிருப்பியள் எண்டெல்லோ நான் இருந்தனான், மச்சான்!"

மச்சான் என்றார். இத்தனை வருசத்துக்குப் பிறகு அந்தச் சொல்லைக் கேட்டு நான் தேத்தண்ணிப் போத்தலை மேசையில் வைத்துவிட்டேன்.

ஐயாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "வெள்ளிக்கிழமைக்கு என்னா?" என்றார். நான் சொன்னேன். அவருடைய முகம் சுருங்கியது.

"எங்க தோட்டத்துல மீன் கெடச்சா யாரும் கிழமை பாக்கமாட்டாங்கம்மா. நீங்கல்லாம் இத்தன வருசம் என் சமையக்கட்டுல நின்னீங்களே?"

"வெள்ளியிலை நாங்கள் சோறும் ஊறுகாயும்தான் ஐயா சாப்பிட்டனாங்கள். அண்டைக்குத்தானே கடையிலை சனம் கூட. உங்களுக்கு எங்கை நேரம்?" என்றேன்.

"பக்கத்துலயே இருந்தீங்க. நான் பாக்கவே இல்லியே" என்றார். தட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். அப்படி ஒரு வாட்டத்தை அவரில் நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"பாவம், மனுசன் ஒடிஞ்சு போனார்" என்றார் அண்ணை.

"எழும்புங்கோ மச்சான். நாங்களே உள்ளுக்கை ஏதும் செய்வம்" என்றார் இவர்.

வீட்டில் தண்ணி கொதிக்க வைக்கவும் மனுசியைக் கூப்பிடுகிற இரண்டு ஆம்பிளைகள், சேர்ட் கையை மடித்துக்கொண்டு சமையலறைக்குள் போனார்கள். சோயா போத்தல், அந்தச் சோஸ், இந்தச் சோஸ் என்று ஒவ்வொன்றாக எடுத்து இவர் டேனிஷில் வாசிக்க, கண்ணாடி கொண்டுவராத அண்ணை தலையை ஆட்டித் தள்ளுகிறார். "இதிலை சிப்பி கிடக்கு, மச்சான்." "வையும் அங்காலை. மற்றது?" "இதிலை முட்டை." "சிவ சிவா!" கடைசியில் முட்டைக்கோவாவும் தோஃபுவும் உப்பும் மிளகாயும்தான் மிஞ்சின. மிளகாய் எத்தனை போடுவது என்று இருவரும் சண்டை பிடித்தார்கள். நல்ல உரத்த சண்டை. ஐயா ஒரு மூலையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாரும் அடுப்படியிலேயே நின்றபடி சாப்பிட்டோம். "உப்பு பத்தலம்மா" என்றார் ஐயா. முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது.

பிறகு டோஸ்ட்ருப் முழுக்க இந்தக் கதைதான். சீன ஐயா என்ன மூளைக்காரன், வேண்டுமென்றே வெள்ளிக்கிழமை மீனை வைத்து இரண்டு பேரையும் ஒன்றாக்கிப் போட்டார் என்று சனம் புகழ்ந்தது. அவர் ஒவ்வொருவரையும் நிறுத்தித் திருத்தினார். "இல்ல. எனக்குத் தெரியாது. அது என் தப்பு. இல்லாத பேர எனக்குக் குடுக்காதீங்க, எங்க தாத்தா அப்படி நெறைய வாங்கி வச்சிருந்தார்." திருத்தத் திருத்தப் புகழ் கூடியது. சில வருடங்களுக்கு முன் அவர் காலமானபோது, அஞ்சலி சொல்ல எழும்பிய எங்கள் ஆளொருவர் அங்கேயும் அதையே சொன்னார். நான் எழும்பி, "இல்லை, அது அவருக்குத் தெரியாமல் நடந்த பிழை" என்றேன். சபை சிரித்தது. சீனர்களுக்கு மொழிபெயர்த்ததும் அவர்களும் சிரித்தார்கள். யாரும் நம்பவில்லை. அவருக்காக என்னால் முடிந்ததைச் செய்தேன்.

ஆனால் அந்த வெள்ளிக்கிழமை, சாப்பிட்டு முடித்த கையோடு அண்ணை பின் கதவால் காருக்குப் போனார். நான் பின்னால் போனேன். மீன் பிரச்சினை தீர்ந்தது, விளக்குப் பிரச்சினை தீர்ந்ததா என்று ஆருக்குத் தெரியும்? அதைப் பற்றி உள்ளே ஒருவரும் மூச்சு விடவில்லை.

"பிள்ளை, கலியாணக் கார்ட் அடிச்சாச்சோ?" என்று கேட்டார் அண்ணை.

"இல்லை அண்ணை."

"ஏன், நாள் கிட்டுதெல்லே?"

"உங்கடை பேரை எங்கை போடுறது எண்டு தெரியாமல் நிக்குது."

அண்ணை கார்த் திறப்புக் கொத்தை விரலில் சுற்றிக்கொண்டு நின்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"எங்கையாவது கடைசியிலை போடு. போடாமல் மட்டும் விட்டிடாதை."

நான் வாய்விட்டு அழுதேன். வெட்கம் ரோசம் ஒன்றும் பார்க்காமல், கார் நிறுத்துமிடத்தில் நின்று சின்னப் பிள்ளைபோல அழுதேன். சத்தம் கேட்டுச் சீன ஐயா துவாயும் கையுமாகப் பின் கதவால் ஓடி வந்தார்.

"என்னம்மா, மறுபடியும் சண்டையா?"

"சண்டை இல்லை ஐயா" என்றேன். "அண்ணை வாறாராம்."